ரென்ஸ்கே போட்ட பூட்டு

ரென்ஸ்கே ஹைடெமாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்கள் யாரும் அவளோடு ஒரு முழுநாள் இருந்து பார்த்தவர்கள் இல்லை. இருந்திருந்தால் இன்னும் கடுமையான சொல்லாகத் தேடியிருப்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளில் ஏறித் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் அவளுக்கு அலுவலகத்தில் பத்து மணி காபியோடு சேர்ந்தே வரும். நாற்பத்துமூன்று வயது, தனி ஆள். கட்டிக்கொள்கிறேன் என்று வந்த ஒரு நல்ல மனிதரையும், அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பிவிட்டாள். நான் அவளுக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் அவளைக் கேலி செய்வோம், நானும்தான்.

ஃப்ரீஸ்லாந்தின் தாழ்ந்த மூலையில் எங்கள் நீர் வாரியம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களையும் வீடுகளையும் பன்னிரண்டு பம்பு நிலையங்களை வைத்துக்கொண்டு நனையாமல் காப்பது எங்கள் பிழைப்பு. ரென்ஸ்கே அங்கே இருபது வயதில் தட்டச்சு செய்ய வந்தவள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பம்பு நிலையங்களையெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியே அலுவலகத்தோடு இணைத்தார்கள். பெட்டி பெட்டியாகக் கையேடுகள் வந்து இறங்கின. பொறியாளர்கள் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ரென்ஸ்கே மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்தாள். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் படித்தாள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், அந்த வலையமைப்பு முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது.

ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். ரிப்பீட்டர் என்று பெயர். பன்னிரண்டு துளைகள். ஒரு துளையில் கேட்டதை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே சொல்லும், ஒரு காதில் வாங்கியதை ஊர் முழுக்கச் சொல்லும் ஆள் மாதிரி. ஒரு துளையில் பம்பை ஓட்டும் கருவி செருகியிருக்கும், இன்னொன்றில் நீர்மட்டம் பார்க்கும் கருவி, மற்றொன்றில் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிக் கம்பியின் பெட்டி. அந்த ரிப்பீட்டருக்குள் நீளமான ஒரு பட்டியல் உண்டு. இரண்டாம் துளை திறந்திருக்கிறதா, அதில் இருப்பது யாருடைய கருவி, அந்நியக் கருவி வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அந்த எண்களைக் கேட்கலாம், மாற்றலாம். ரென்ஸ்கே அந்தப் பட்டியலை அறுபத்துநாலு பக்கம் அச்செடுத்து, அடிக்கோலை வைத்துக் கோடு போட்டுப் படித்திருந்தாள்.

1996 செப்டம்பரில் ஓல்டெசைல் நிலையத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டோம். சனிக்கிழமை முழுக்கக் கூட்டம். திங்களன்று பட்டியலைப் பார்த்த ரென்ஸ்கேயின் முகம் வெளுத்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு கருவியின் முகவரி அதில் பதிவாகியிருந்தது. வந்தவர்களில் யாரோ தன் மடிக்கணினியைச் செருகி நாலு நிமிடம் வைத்திருந்திருக்கிறார்.

பணிப் பொறியாளர் போஸ்ட்மாவிடம் ஓடினாள்.

"சார், யாரோ உள்ள வந்திருக்காங்க."

"வந்து என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் என்ன ரென்ஸ்கே? யாரோ விளையாட்டுக்குச் செருகியிருப்பாங்க. விடுங்க."

அவளால் விட முடியவில்லை. ரிப்பீட்டருக்குக் கட்டளையிடத் தேவைப்படும் ரகசியச் சொல், தொழிற்சாலையில் போட்டு அனுப்பியதாகவே இருந்தது. உலகத்துக்கே தெரிந்த சொல் அது. அந்த ஆள் நினைத்திருந்தால் பம்பையே நிறுத்தியிருக்கலாம். மூவாயிரம் வீடு தண்ணீருக்குள் போயிருக்கும். இதை நினைத்து நினைத்து அவளுக்கு இரண்டு வாரம் சோறு தண்ணி இறங்கவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

அக்டோபரில் அவள் பூட்டுப் போட்டாள். முதலில் ரகசியச் சொல்லை மாற்றினாள். புதுச் சொல் அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. பிறகு ஒவ்வொரு துளைக்கும் ஓர் உத்தரவு. இப்போது உன்னிடம் பேசுகிற கருவிதான் உன் சொந்தக்காரன், அதை நினைவில் வைத்துக்கொள். வேறு குரல் கேட்டால் என்ன செய்வது என்பதற்குக் கையேட்டில் மூன்று வழி. ஒன்று போட்டால் கண்டுகொள்ளாது, இரண்டு போட்டால் அலுவலகத்துக்குச் சொல்லும், மூன்று போட்டால் துளையையே மூடிவிடும். மூடினால் மூடியதுதான், யாராவது திறக்கச் சொல்லும் வரை திறக்காது. ரென்ஸ்கே மூன்று போட்டாள். பன்னிரண்டு நிலையங்களிலும், எல்லாத் துளைகளுக்கும் மூன்று. அலுவலகத்துக்கு வரும் கம்பி செருகிய துளைக்கும் மூன்றுதான். அதற்கு மட்டும் தனியாக யோசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவு பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு ஆபத்து என்பது அவள் கணக்கு. அந்த ஒரு மாதம் ரென்ஸ்கே நிம்மதியாகத் தூங்கினாள். தெருமுனையிலிருந்து திரும்பி வரக்கூட இல்லை.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வடமேற்குக் காற்று ஜன்னல்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. போஸ்ட்மா பக்கத்து ஊரில் கூட்டத்துக்குப் போயிருந்தார், எங்களில் பாதிப்பேர் அவரோடு. பம்புத் திரைக்கு முன்னால் ரென்ஸ்கே மட்டும். பதினொன்று அடித்து ஐந்து நிமிடம் இருக்கும், ஓல்டெசைலிலிருந்து போன் வந்தது. நிலையக் காவலர் ஹெஸ்ஸல், ஐம்பத்தெட்டு வயது, வாய் ஓயாத மனிதர்.

"யாரு, ரென்ஸ்கேயா? இங்க திருகுல ஒரு சைக்கிள் மாட்டிக்கிட்டு நிக்குது. எவன் வீட்டுச் சனியனோ. நான் கீழ இறங்கி எடுத்துடறேன். நீ பம்பை நிறுத்தி வை."

அங்கே பம்பு என்பது ஆளுயரத்துக்கு மேல் அகலமான ஒரு இரும்புத் திருகு. சாய்வான பள்ளத்தில் படுத்திருக்கும். சுழன்றால் அடியிலிருக்கும் தண்ணீரை அள்ளி மேலே ஏற்றும். அதன் காலடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் சைக்கிளைப் பிடுங்க வேண்டும்.

"மெயின் சுவிட்சுல உங்க பூட்டைப் போட்டீங்களா?" என்றாள். பள்ளத்தில் இறங்குகிறவர் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போடாதபடி அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும் என்பது விதி.

"இதோ ஆரம்பிச்சுட்டா! நீதான் அங்கேர்ந்து நிறுத்தறியே தாயி, அப்புறம் எனக்கு எதுக்குப் பூட்டு? அது ஆணியில துருப்பிடிச்சுத் தொங்குது."

"போட்டுடுங்களேன்."

"ஆகட்டும் ஆகட்டும். டெலிபோன்காரன் ஒருத்தன் வந்து அவன் கம்பிப் பெட்டியை மாத்திட்டு இருக்கான். எங்க வீட்டுல இம்கே குடுத்த காபியைக் குடிச்சுட்டு அவன் கிளம்பினதும் நான் இறங்கறேன். வெச்சுடறேன்."

ஆகட்டும் என்றால் ஹெஸ்ஸலிடம் ஆகாது என்று அர்த்தம். ரென்ஸ்கே நிறுத்தும் கட்டளையை அழுத்தினாள். திரையில் 'நிறுத்தம்' என்று வந்தது. டெலிபோன்காரன் பெட்டி மாற்றுகிறான் என்பது அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

பதினொன்று இருபத்துநாலுக்குத் திரையைத் தற்செயலாகப் பார்த்தாள். ஓல்டெசைல் நீர்மட்டம், கடல் மட்டத்திலிருந்து கழித்தல் ஒன்று புள்ளி நாலு இரண்டு மீட்டர். சரியான அளவுதான். ஆனால் கடைசி எண் அசையவில்லை. காற்றடிக்கிற நாளில் கடைசி எண் ஒரு இடத்தில் நிற்காது, இரண்டு, நாலு, மூன்று என்று துள்ளிக்கொண்டே இருக்கும். அவள் ஒரு நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள். இரண்டு. இரண்டு. இரண்டு. புது எண் வராவிட்டால் பழையதையே காட்டும்படி யாரோ ஒரு மகானுபாவர் அந்த நிரலை எழுதிவைத்திருந்தார்.

ரிப்பீட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், இல்லை. அப்போதுதான் ஹெஸ்ஸல் சொன்னது அவள் மனதில் விழுந்தது. தொலைபேசிக் கம்பிக்குப் புதுப் பெட்டி என்றால் புது முகவரி, புதுக் குரல். அவள் போட்ட மூன்று அதன் வேலையைச் செய்துவிட்டது. டெலிபோன்காரன் தன் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, நல்ல காபி என்று சொல்லிப் போயிருப்பான். துளை மூடியதை அலுவலகத்துக்குச் சொல்வதென்றாலும் அந்தத் துளை வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. பம்பை ஓட்டும் கருவிக்கு ஒரு விதி உண்டு. அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம் குரல் வராவிட்டால், அலுவலகம் செத்துவிட்டதென்று வைத்துக்கொண்டு தன் புத்திப்படி நடக்கும். தண்ணீர் ஏறியிருந்தால் தானாகவே திருகைச் சுழற்றும். ஊர் மூழ்கக் கூடாதே என்று செய்துவைத்த ஏற்பாடு. நீர்மட்டம் கடைசியாக மாறிய நேரத்தைத் தேடினாள். பதினொன்று பன்னிரண்டு. பம்பு நின்றதிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திருகு சுழலும். இன்னும் ஏழு நிமிடம்.

வாழ்நாள் முழுக்க எதற்கெல்லாமோ பயந்தவள் அவள். இந்தப் பயம் அதில் எதைப் போலவும் இல்லை. பம்பு வீட்டுக்குப் போன் செய்தாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? காரில் போவதென்றால் பதினெட்டு கிலோமீட்டர். ஹெஸ்ஸலின் வீட்டு எண்ணை அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தப்பியது.

"இம்கே பேசறேன்." ஹெஸ்ஸலின் மனைவி. நிலையத்துக்கு நூறு கெஜத்தில்தான் வீடு.

"இம்கே, ரென்ஸ்கே பேசறேன். ஹெஸ்ஸல் எங்க?"

"பள்ளத்துலதான், வேற எங்க? என்ன, இன்னைக்கு எதுக்குப் பயம்? போன தடவை இடி விழும், டிவி ப்ளக்கைப் புடுங்குன்னே. அதுக்கு முன்னாடி ஐஸ் உடையும், யாரும் சறுக்கப் போகாதீங்கன்னே. அந்த வருஷம் லாரியே போச்சு அது மேல."

"இம்கே, பம்பு ஓடப் போகுது."

"நீதானே நிறுத்தி வெச்சிருக்கே?"

"நிறுத்தினது நிக்காது."

"உனக்கு எதுதான் நின்னுச்சு ரென்ஸ்கே? என் முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆகுது, அடுப்புல பட்டாணி சூப் வேற கொதிக்குது. அப்புறமா பேசு."

பதினொன்று இருபத்தெட்டு. இம்கே போனை வைத்துவிடப் போகிறாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. இருபது வருடமாக ரென்ஸ்கே எல்லோரிடமும் சொல்லி வந்தது ஒன்றுதான், ஏதாவது ஆகிவிடுமோ. அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் காது மரத்துப்போயிருந்தது. அவள் அன்று அதைச் சொல்லவில்லை.

"இம்கே, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "ஏதாவது ஆயிடுமோன்னு சொல்லலை. ஆயிடுச்சு. நான்தான் பண்ணேன். பெட்டியில ஒரு பூட்டு போட்டேன், யாருக்கும் சொல்லலை. இப்ப என் கட்டளை அங்க போகலை. இன்னும் நாலு நிமிஷத்துல திருகு தன்னால சுத்தும். ஹெஸ்ஸல் அதுக்கு அடியில நிக்கறாரு. பம்பு வீட்டுக்குள்ள சிவப்புக் கைப்பிடி இருக்கு பாரு, அதைக் கீழ இழு. போ இம்கே. போ!"

போன் எதிலோ மோதித் தொங்கும் சத்தம். கதவு. காற்று வீட்டுக்குள் புகுந்து இரைந்தது.

ரென்ஸ்கே போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சூப் கொதித்து அடுப்பில் வழிந்து சுர்ரென்பது கேட்டது. ஹெஸ்ஸல் என்று யாரோ கத்தியது போலிருந்தது, காற்றாகவும் இருக்கலாம். சுவர்க் கடிகாரம் முப்பத்தொன்று. இம்கேயின் அந்தக் கால் நடக்குமா? கைப்பிடி அவள் பலத்துக்கு வருமா? முப்பத்திரண்டு. ஒன்றும் இல்லை. மூச்சை விடலாமா என்று அவள் நினைத்தபோது, அந்தச் சத்தம் கேட்டது. கோப்பைகள். திருகு ஓடினால் அந்த வீட்டு அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும் என்று இம்கே எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறாள். இப்போது அவை கிலுகிலுத்தன. ரென்ஸ்கே கத்தினாள். ஆளில்லாத அறையில் கத்தினாள், தொங்கும் போனுக்குள் கத்தினாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. எண்ணியது மட்டும் நினைவிருந்தது. ஒன்பது வரை எண்ணினாள். ஒன்பதில் கோப்பைகள் அடங்கின.

அதன் பிறகு பதினோரு நிமிடம். சூப் கருகும் வாசனைகூடத் தனக்கு வந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள், பதினெட்டு கிலோமீட்டர் தாண்டி. அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி வேறு எதுவும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு போனை யாரோ எடுத்தார்கள். மூச்சிரைத்தது.

"ரென்ஸ்கே." ஹெஸ்ஸல்தான். "ஒரு பூட்ஸ் போச்சு."

அவள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"கால் இருக்கு. பூட்ஸ்தான் போச்சு. மொதல்ல ஒரு முனகல் கேட்டுச்சு, ஏணியைத் தாவிப் புடிச்சேன். அந்தச் சைக்கிளைக் காகிதம் மாதிரி மடிச்சுப்புடுச்சு, நான் பாத்தேன். இம்கே கைப்பிடியை இழுத்தப்புறம்தான் நின்னுச்சு." கேலிக் குரல் போய்விட்டது. "நீ நிறுத்திட்டேன்னு நினைச்சுதான் இறங்கினேன்."

"நிறுத்தினேன்."

"அப்புறம் யாரு ஓட்டினா?"

"நான்தான்" என்றாள் ரென்ஸ்கே.

அவர் போனை வைத்துவிட்டார்.

மதியம் போஸ்ட்மா வந்தபோது அவள் மற்ற பதினோரு நிலையங்களிலும் மூன்றை இரண்டாக மாற்றி முடித்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நானும் அங்கே நின்றேன். போஸ்ட்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர்.

"டெலிபோன்காரங்க சொல்லாம வந்து மாத்தினதால வந்த கோளாறுன்னு எழுதிடலாம். உங்க பேரே வேண்டாம்."

"சொல்லாமத்தான் வந்தாங்களா சார்?"

போஸ்ட்மா தன் மேஜையிலிருந்த கடிதத் தட்டைத் துழாவினார். தொலைபேசி நிறுவனத்தின் கடிதம் ஒன்று அகப்பட்டது. நவம்பரில் எல்லா நிலையங்களிலும் பெட்டி மாற்றுகிறோம் என்று தேதியோடு பட்டியல் போட்டு எழுதியிருந்தார்கள். ஓல்டெசைல் முதலாவதாக இருந்தது. கடிதம் வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

"உங்ககிட்ட குடுக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும் ரென்ஸ்கே?" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "நீங்க பூட்டு போட்டதே எனக்குத் தெரியாதே."

அறிக்கையை ரென்ஸ்கேயே எழுதினாள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. வேலை போய்விடும் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். போகவில்லை. மெயின் சுவிட்சில் பூட்டைப் போடாததற்காக ஹெஸ்ஸலுக்கும் ஒரு கடிதம் போனது, அதற்கு அவர் தோளைக் குலுக்கினார்.

அந்த வியாழனுக்கு அடுத்த திங்களன்று ஹெஸ்ஸல் அலுவலகத்துக்கு வந்தார், கையில் பெரிய பெட்டியில் ஆரஞ்சு கேக்கோடு. பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வியாழக்கிழமை பதினொண்ணு முப்பத்திரண்டுக்குப் பொறந்தேன்" என்று அறிவித்தார். "வயசு நாலு நாள். எல்லாரும் எடுத்துக்கங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம், சிரிக்கத்தான் காத்திருந்தோம். பிறந்தநாளென்றால் எங்கள் பக்கம் வீட்டாருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டுமல்லவா. கைத்தடியோடு வந்திருந்த இம்கேயின் கையைப் பிடித்து ஒவ்வொருவராக, புருஷன் கிடைச்சதுக்கு வாழ்த்துகள் என்றோம். வரிசையின் கடைசியில் ரென்ஸ்கே. கையை நீட்டினாள்.

இம்கே அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"உன்னை இருபது வருஷமா பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணோம். தப்பு. பயந்தவ யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பா, இப்படிப் பண்ணட்டுமான்னு. நீ கேக்கலை. உனக்கு எங்க யார்மேலயும் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்."

ரென்ஸ்கே நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கேக் தட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு வாய் போட்டாள்.

அதற்குப் பிறகும் பதினேழு வருடம் அவள் அதே மேஜையில் வேலை பார்த்தாள். புது ரகசியச் சொல் போஸ்ட்மாவுக்கும் எனக்கும் தெரியும்படி ஆனது. எந்தப் பெட்டியில் எந்த எண்ணைத் தொடுவதென்றாலும் முதலில் அந்த நிலையத்துக்குப் போன் செய்வாள். "இதை மாத்தப் போறேன், மாத்தட்டுமா?" என்பாள். மற்றக் காவலர்கள் எரிச்சல்படுவார்கள். ஹெஸ்ஸல் மட்டும், "மாத்து தாயி" என்பார். சில நாள் போனை இம்கே எடுப்பாள். ரென்ஸ்கேயின் குரல் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள்.